டிஸ்லெக்ஸியா இருக்கிறது, இப்போது ஏடிஎச்டி மாத்திரையும்: வாசிப்பு மாறுமா?

பிறைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயது 36. பட்டர்வொர்த்தில் ஒரு ஃபோர்வர்டிங் கம்பெனியில் டிக்ளரேஷன் வேலை. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம், இருப்பது சில வருடங்களுக்கு முன்பே தெரியும். கூடவே ஏடிஎச்டியும், அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத பிரச்சினையும், இருக்கிறது என்று இப்போதுதான் மனநல டாக்டர் சொன்னார். ரிட்டலின் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. இந்தப் பதிவைப் போனில் பேசித்தான் எழுதுகிறேன், மனைவி ஒரு தடவை படித்துத் திருத்தினாள். பதில் போடுகிறவர்கள் பத்தியைச் சின்னதாக வைத்தால் புண்ணியமாகப் போகும்.

கேட்க வந்தது இதுதான். மாத்திரை போட்டால் வாசிப்பில் ஏதாவது மாறுமா? டாக்டரிடம் கேட்டேன். "இது கவனத்துக்கான மருந்து. டிஸ்லெக்ஸியாவுக்கு மருந்து கிடையாது" என்றார். சரி. ஆனால் எனக்கு எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

என் வேலையைச் சொன்னால் புரியும். இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2. இந்தச் சுங்கப் பாரங்களைத்தான் நாள் முழுக்க நிரப்புகிறேன். மேசையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு). அதைப் பார்த்துத் திரையில் அடிக்க வேண்டும். கண்டெய்னர் எண் என்றால் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். நான் 3728 என்பதை 3278 என்று அடித்தால் கணக்கு இடிக்கும், சிஸ்டம் உடனே சிவப்பு காட்டும். அதை யோசித்தவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஆனால் எடைக்கும் இன்வாய்ஸ் எண்ணுக்கும் அப்படி ஒரு காவல் கிடையாது. 18,640 கிலோவை 16,840 என்று அடித்தால் சிஸ்டம் வாயைத் திறக்காது.

இது ஒரு வகை. இன்னொரு வகை இருக்கிறது. எல்லாவற்றையும் சரியாக அடித்து முடிக்கும் நேரத்தில் லாரி டிரைவர் போன் பண்ணுவார். பேசிவிட்டுத் திரும்பினால் எந்த ஷிப்மென்டில் இருந்தேன் என்றே நினைவில்லை. அடுத்த ஃபைலைத் திறந்துவிடுவேன். முதல் பாரம் அனுப்பப்படாமல் டிராஃப்டிலேயே கிடக்கும். கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றால் நாள் கணக்கில் காசு ஏறும். முன்பு வேலை செய்த இடத்தில் அதை என் சம்பளத்திலேயே கழித்தார்கள்.

டாக்டர் பரிசோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்பதுதான் அவருக்கு முக்கியம். பழைய ரிப்போர்ட் புத்தகம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார், வளர்த்தவர்கள் யாரையாவது கூட்டிவரவும் சொன்னார். அம்மா தமிழ்ப்பள்ளிப் புத்தகங்களைப் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் ஆசிரியை எழுதியது: "கேட்டால் வாயால் சொல்கிறான். எழுதச் சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறான்." அம்மா டாக்டரிடம், "இவனுக்கு ஒரு இடத்திலே கால் நிற்காது டாக்டர், அவ்வளவு சுறுசுறுப்பு" என்று பெருமையாகச் சொன்னார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

அப்பா 47 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போனவர். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈசிஜி, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு எல்லாம் பார்த்து, சரியாக இருக்கிறது என்ற பிறகுதான் மருந்து எழுதினார். ஆனாலும் எனக்கு உள்ளூரப் பயம்தான்.

மருந்து தொடங்கிய டிஸ்லெக்ஸியாக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும்? எது மாறியது, எது கொஞ்சமும் மாறவில்லை? அப்புறம், அம்மாவிடம் மாத்திரை விஷயத்தை எப்படிச் சொன்னீர்கள்? கிளினிக் வாசலில் போர்டைப் பார்த்தே முகம் வாடிவிட்டது.


செந்தூல் கிளார்க் எழுதியது:

தம்பி, நானும் உங்கள் கட்சிதான். கோலாலம்பூரில் வக்கீல் ஆபீசில் வீடு, நில ஒப்பந்தங்கள் பார்க்கிறேன். டிஸ்லெக்ஸியா, ஏடிஎச்டி இரண்டும் உண்டு. நாற்பதுக்குப் பிறகு மருந்து தொடங்கினேன். இப்போது கான்செர்டா 36 மில்லிகிராம், உங்கள் மருந்தேதான், நீண்ட நேரம் தாங்கும் வகை.

உங்களுக்கு எடை என்றால் எனக்கு சார்ஜர், சார்ஜி. நிலத்தை அடமானம் வைக்கிறவர் சார்ஜர், வாங்கிக்கொள்ளும் பேங்க் சார்ஜி. நம் தேசிய நிலச் சட்டம் முழுக்க இந்த ஜோடிதான். இங்கிலீஷில் கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

மாத்திரை தொடங்கிய பிறகும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. அது மாறவே இல்லை. மாறியது வேறு. முன்பு பக்கத்தை முடித்தாலே போதும் என்று தள்ளிவிட்டுப் போவேன். இப்போது முடித்த பிறகு, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு சார்ஜியையும் விரலால் தொட்டு மறுபடி பார்க்கப் பொறுமை இருக்கிறது. சலிப்பு வருகிறது, ஆனால் எழுந்து ஓட வைக்கவில்லை. வாசிக்கும் வேகம் அதேதான். சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஏனென்றால் இப்போது உண்மையிலேயே வாசிக்கிறேன்.

எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சரிபார்க்க உட்கார வைக்கும். எழுத்தை அது தொடாது.

தொல்லைகளையும் சொல்கிறேன். வாய் வறண்டுபோகும். மதியம் பசியே இருக்காது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் மாமாக் கடையில் மீ கோரெங்கை இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவேன். இப்போது காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறேன். ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் மாத்திரையும் போட்டு கோப்பி ஓவும் (கடுங்காப்பி) குடித்ததில் நெஞ்சு தடதடவென்று அடித்தது. உங்களுக்கு அப்பா கதை வேறு இருப்பதால், முதல் சில வாரம் கோப்பியைத் தள்ளியே வையுங்கள்.

இன்னொன்று. மருந்து ஏறுகிற நேரத்தில் எதில் கை வைத்திருக்கிறீர்களோ அதிலேயே ஒட்டிக்கொள்வீர்கள். நான் ஒரு முழுக் காலையும் ஃபைல் லேபிள்களுக்குக் கலர் பிரித்துக்கொண்டிருந்தேன். முக்கியமான ஃபைலை முதலில் திறந்து வைத்துவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

என்றைக்காவது கான்செர்டாவுக்கு மாற்றினால் ஒரு எச்சரிக்கை: மருந்து உடம்பில் இறங்கிவிடும், கூடு மட்டும் முழு மாத்திரை மாதிரியே டாய்லெட்டில் வெளியே வரும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பயந்துபோய் கிளினிக்குக்கே போன் போட்டேன்.

தனியாரில் வாங்கினால் மாதத்துக்குச் சில நூறு ரிங்கிட் ஆகிறது. கட்டுப்படியாகாமல், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு கிளினிக்) 1 ரிங்கிட் கட்டி, சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கி, அரசு மருத்துவமனைக்கு மாறினேன். அங்கே நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருப்பு நீளம், அது வேறு விஷயம்.


பத்துமலைவாசி எழுதியது:

தம்பி, பெரியவன் சொல்கிறேன், கோபிக்காதே. எங்கள் காலத்தில் தோட்டத்தில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது. படிப்பு வராதவன் வேறு வேலைக்குப் போனான், நன்றாகத்தான் வாழ்ந்தான். மூளைக்கு மாத்திரை போட்டுப் பழகிவிட்டால் விட முடியாது. வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடு. பாசாரில் பெகாகா என்று கட்டுக் கட்டாக விற்கிறான்.


பிறைக்காரன் எழுதியது:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. வல்லாரையில்தான் வளர்ந்தேன். சோதனை நெருங்கினால் அம்மா மூன்று வேளையும் அதையே போடுவார்கள், தங்கச்சிக்கும் சேர்த்து. அவள் கணக்காளர் ஆகிவிட்டாள், நான் 16,840 அடித்துக்கொண்டிருக்கிறேன். பழக்கமாகிவிடுமா என்பது எனக்கும் பயம்தான், தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா, ஸ்கேல் யோசனைக்கு நன்றி. பத்தியைச் சின்னதாக வைத்ததற்கும்.


ஜார்ஜ்டவுன் மருந்தாளர் எழுதியது:

பழக்கம் பற்றிய கேள்வி நியாயமானது. மருந்தின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். தவறாகப் பயன்படுத்தினால் அடிமையாக்கக்கூடியதுதான். அதனால்தான் நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு விஷங்கள் சட்டத்தின் கீழ் இதைச் சைக்கோட்ரோபிக் பொருளாக, அதாவது மனநிலையைப் பாதிக்கக்கூடிய பொருளாக, வைத்திருக்கிறார்கள். மருந்துச்சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது, கொடுத்தால் கணக்கில் ஏற்ற வேண்டும். டாக்டர் எழுதிய அளவில், அவர் கண்காணிப்பில், வாய்வழியாகப் போடுகிறவர்கள் அந்த நிலைக்குப் போவது அரிது. நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், நண்பருக்கு ஒன்று கொடுக்காதீர்கள். இரண்டாவதைச் செய்தால் சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள்.

1944-இல் சீபா கம்பெனியில் இதை முதலில் தயாரித்தவர் லியான்ட்ரோ பனிட்ஸோன் என்ற வேதியியலாளர். அவர் மனைவி மார்கெரிட்டுக்கு இரத்த அழுத்தம் குறைவு, டென்னிஸ் ஆடும் முன் இதைப் போட்டுக்கொள்வாராம். அவருடைய செல்லப் பெயர் ரீட்டா, அதுதான் ரிட்டலின் ஆனது. அந்த அம்மாவுக்கு அழுத்தம் ஏறியது நல்லதாகப் போயிற்று, உங்களுக்கு அப்படி இருக்காது. வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் மருந்துக்கு முன்பும் பின்பும் பார்த்துக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் யோசிக்க வேண்டாம், 999.

உங்களுடையது குறுகிய நேர மாத்திரை. அரை மணி நேரத்தில் வேலை தொடங்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும் நேரத்தில் சிலருக்கு எரிச்சல், சோர்வு வரும். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் சுள்ளென்று விழுவீர்கள், மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள். மதிய மாத்திரையைப் பிந்திப் போட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். கான்செர்டா ஒரே மாத்திரையில் 12 மணி நேரம் வரை தாங்கும், அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

சளி பிடித்தால், இந்த மருந்து போடுவதைக் கடையில் சொல்லாமல் மாத்திரை வாங்காதீர்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் சேர்ந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். இனிப்பு நீருக்கு கிளிக்லசைட் போடுகிறவர்கள் கவனம். இந்த மருந்து பசியை அடக்கும், மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கிளௌகோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பினாங்குக்காரர்கள் நினைத்தால் ஹாட்யாய்க்குக் கிளம்பிவிடுவீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். தாய்லாந்திலும் இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மாத்திரையை வேறு டப்பாவில் கொட்டாமல், பெயர் ஒட்டிய பாக்கெட்டிலேயே, டாக்டர் கடிதத்தோடு, தேவையான அளவு மட்டும் எடுத்துப் போங்கள். அவர்கள் விதிமுறையைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். துறைமுகத்தில் சிறுநீர்ச் சோதனை வைத்தாலும் அந்தக் கடிதம் கையில் இருப்பது நல்லது.


வாசிப்பு டீச்சர் எழுதியது:

நான் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித்தருகிறவள், கோலாலம்பூர். மருந்தைப் பற்றிப் பேச மாட்டேன், அது டாக்டர் வேலை. எது எதனால் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில்.

தவறின் உருவத்தைப் பாருங்கள். வரி தாண்டுவது, எங்கே விட்டோம் என்று தெரியாமல் போவது, பாதியில் எழுந்துவிடுவது, அனுப்ப மறப்பது: இவை பெரும்பாலும் கவனம். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, ஒலியை எழுத்தோடு சேர்க்கத் திணறுவது, தெரிந்த சொல்லையே மறுபடி மறுபடி எழுத்துக்கூட்டுவது: இவை டிஸ்லெக்ஸியா. எண் மாறி விழுவது இரண்டிலும் வரும், அதனால் 18,640-ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்று மொழியில் வளர்ந்த நமக்கு இன்னொரு வசதி உண்டு. மலாய் எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய நேராகப் போகும், இங்கிலீஷ் அப்படி இல்லை, தமிழ் நடுவில். டிஸ்லெக்ஸியா இங்கிலீஷில் அதிகமாக அடிக்கும், மலாயில் குறைவாக. கவனச் சிதறல் மொழி பார்க்காது. மருந்து வேலை செய்யும் நேரத்திலும் மாலையிலும் ஒரு மலாய்ச் செய்தி, ஒரு இங்கிலீஷ் செய்தி சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். சில வாரம் கழித்துக் கேட்டால் உங்களுக்கே தெரியும், டாக்டருக்கும் உதவும்.

வாசிப்புக்கு வாசிப்புப் பயிற்சிதான். தித்திவாங்சாவில் டிஸ்லெக்ஸியா சங்கம் இருக்கிறது, அங்கே வகுப்புகள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்குத் தனி ஆசிரியரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் இன்வாய்ஸைப் போன் வாசித்துக்காட்டட்டும், நீங்கள் காதால் சரிபாருங்கள். ஜேகேஎம் (சமூகநலத் துறை) தரும் ஓகேயூ அட்டையில், அதாவது மாற்றுத்திறனாளி அட்டையில், கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் டிஸ்லெக்ஸியாவும் வரும், டாக்டர் பாரம் நிரப்பித் தர வேண்டும். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம்.


பிறைக்காரன் எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. தொடங்கிச் சில வாரம் ஆகிவிட்டது, அதனால் வந்து சொல்கிறேன்.

லீவு நாளில் ஆரம்பித்தேன், மனைவி பக்கத்தில் இருந்தாள். முதல் வாரம் தலைவலி, வாய் வறட்சி. நாடித் துடிப்பு கொஞ்சம் ஏறியது, டாக்டர் குறிப்பைப் பார்த்துவிட்டு இந்த அளவு பரவாயில்லை, தொடர்ந்து குறித்து வா என்றார். தே தாரேக்கை அறவே விடவில்லை, மாலைக்குத் தள்ளிவிட்டேன்.

டிராஃப்டில் கிடக்கும் கே1 இப்போது இல்லை. டிரைவர் போன் வந்தால், "அஞ்சு நிமிஷம் பாய்" என்று சொல்லிவிட்டு முடித்து அனுப்பிய பிறகு கூப்பிடுகிறேன். இதை எனக்குள்ளிருந்து யார் சொல்கிறார்கள் என்று எனக்கே ஆச்சரியம். எண் மட்டும் அப்படியே மாறி விழுகிறது. ஆனால் செந்தூல் அக்கா சொன்னது சரி, திரும்பிப் பார்க்கும்போது பிடித்துவிடுகிறேன். எடைக்கு வேறு ஏற்பாடு. பக்கத்து மேசைப் பெண் இன்வாய்ஸைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, நான் திரையில் தொட்டுக்கொண்டே வருகிறேன். முதலாளியிடம் காரணத்தை முழுசாகச் சொல்லவில்லை, எடையை இரண்டு பேர் பார்ப்பது கம்பெனிக்கு நல்லது என்றேன். உடனே சரி என்றுவிட்டார்.

டீச்சர், பதிவு செய்து கேட்டேன். மலாய்ச் செய்தியில் காலைக்கும் மாலைக்கும் நல்ல வித்தியாசம். இங்கிலீஷில் காலையிலும் திணறல்தான், ஆனால் கடைசி வரை போகிறேன். ஒரு டியூஷன் ஆசிரியரிடம் பேசியிருக்கிறேன், சனிக்கிழமைகளில் வரச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டது ஒரே கேள்வி: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? பின்னாடி என்றேன். அன்றிலிருந்து காலை ஆறரைக்கே நாசி லெமாக் பொட்டலம் வந்துவிடுகிறது.

இப்போது பிரச்சினை மதிய மாத்திரைதான். அதை மறந்துவிடுகிறேன், நினைவு வரும்போது மணி நாலு. நீண்ட நேரம் தாங்கும் மாத்திரைக்கு மாற்றலாமா என்று அடுத்த தடவை பேசலாம் என்றார் டாக்டர். எங்கள் செபராங் பக்கம் கான்செர்டா ஒழுங்காகக் கிடைக்கிறதா?


செந்தூல் கிளார்க் எழுதியது:

அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது தம்பி. இங்கேயே சில மாதம் 36 இருக்கும், 18 இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் ஃபார்மசிக்குப் போன் போட்டு, எந்த அளவு ஸ்டாக் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கையில் ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே கேளுங்கள். அதுவரைக்கும் மதிய மாத்திரைக்குப் போனில் அலாரம் வையுங்கள். அலாரத்தை அணைத்துவிட்டு மாத்திரையை மறப்பீர்கள் என்பதும் தெரியும், அதனால் மாத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான் அணைக்க வேண்டும்.